துபாஷ் மாளிகையில் ஒரு தேக்சா

சர்க்கார் ஒரு வீட்டைக் கலைக்கூடமாக மாற்றிவிட்டால் முதலில் செய்யும் காரியம், மனிதர்கள் வீட்டில் சாதாரணமாகச் செய்கிற எல்லாவற்றையும் தடை செய்து பலகை மாட்டுவதுதான். ராயபுரத்துத் துபாஷ் மாளிகையிலும் அப்படித்தான் மாட்டினார்கள். உட்காராதீர், சாயாதீர், தொடாதீர், உரக்கப் பேசாதீர், துப்பாதீர். கடைசிப் பலகையைப் பற்றி மட்டும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கும்பினிக்காரர்கள் காலத்தில் சிங்கண்ணா என்ற துபாஷ் கட்டிய வீடு அது. துரைக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்று, துரை சொன்னதை ஜனங்களுக்கும் ஜனங்கள் சொன்னதைத் துரைக்கும் மாற்றிச் சொல்லி, இரண்டு பக்கமும் தரகு வாங்கி எழுப்பிய வீடு. பேரப் பிள்ளைகள் கட்டில், நிலைக்கண்ணாடி, சரவிளக்கு எல்லாவற்றையும் ஏலத்தில் விட்டார்கள். அதன்பின் நெடுங்காலம் கருவாட்டுக் கிடங்கு. யுத்தத்தின்போது, ஜப்பான்காரன் வந்தால் ஊதுவதற்குச் சங்கு வைத்திருந்த ஆபீஸ். யுத்தம் முடிந்ததும் மறுபடி கருவாடு. ஐம்பத்து மூன்றாம் வருஷம் அது கலைக்கூடம் ஆயிற்று. எத்தனை சுண்ணாம்பு அடித்தும் ஈரக்காற்று வீசினால் சுவரிலிருந்து பழைய வாடை கிளம்பும். அதைச் 'சரித்திரத்தின் மணம்' என்று சொல்லும்படி சேவகர்களுக்கு உத்தரவு.

திறப்பு விழாவுக்கு மந்திரி வர நாள் குறித்தாகிவிட்டது. கூடத்தில் வைப்பதற்குக் கலைதான் இல்லை. சேவகர்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். கட்டில் ஒரு நாடகக் கம்பெனியிலிருந்து வந்தது. வாள்களும் கேடயங்களும் அதே கம்பெனியிலிருந்து வந்தன. ஒரு சேவகன் பக்கத்தில் முஸ்லிம்கள் குடியிருக்கும் மொஹல்லாவுக்குப் போய், அங்கே கயிற்றுக் கடை வைத்திருக்கும் அப்துல் வஹாபிடம் தேக்சா வேண்டும் என்று கேட்டான்.

தேக்சா என்றால் பிரியாணி ஆக்கும் பெரிய செம்பு அண்டா. இது வஹாபின் சொத்து அல்ல, மொஹல்லாவின் சொத்து. விறகுத் தொட்டி வைத்திருக்கும் ரசூல் பீவி, தன் வளையல்களை விற்று அதை வாங்கிப் பள்ளிவாசலுக்குக் கொடுத்தாள். அவளுடைய கல்யாணத்தன்று தேக்சா வைத்திருந்த ஒரு பணக்காரர் கடைசி நேரத்தில் இல்லை என்று கையை விரித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பசியோடு திரும்பிப் போனார்கள். அந்த அவமானம் இன்னொரு பெண்ணுக்கு வரக் கூடாது என்றுதான் கொடுத்தாள். பாதுகாக்கும் பொறுப்பை வஹாபிடம் விட்டபோது இரண்டு நிபந்தனை போட்டாள். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. என்ன ஆக்கப் போகிறாய் என்று கேட்கக் கூடாது.

இரண்டாவது நிபந்தனைக்குக் காரணம் உண்டு. பிரியாணித் தேக்சாவை வாங்கிப் போய் வெறும் சோறும் பருப்பும் ஆக்கிப் பந்தி போட்ட வீடுகள் அந்தப் பக்கத்தில் எத்தனையோ. கேட்டால் அவர்கள் கூசிப் போவார்கள். அதனால் வஹாப் யாரையும் கேட்டதில்லை. கலைக்கூடத்துச் சேவகனையும் கேட்கவில்லை. மந்திரிக்கு ஏதோ ஆக்கிப் போடப் போகிறார்கள் என்று நினைத்து, கழுவித் துடைத்து, ஒரு வாரத்தில் திருப்பித் தரும்படி சொல்லி அனுப்பினான். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த வாரம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை வஹாபின் மகள் சாபிராவுக்கு நிக்காஹ். நோன்புக்கு முந்தின கடைசி ஞாயிறு. அரிசிக் கட்டுப்பாடு போன வருஷம்தான் ஒழிந்தது. அதுவரை கல்யாணத்துக்கு இத்தனை பேருக்கு மேல் சோறு போடக் கூடாது என்று சட்டம் இருந்தது, கூப்பிட்ட சொந்தத்தில் பாதிப் பேருக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிய காலம். இப்போதுதான் மனிதர்கள் மனம்விட்டு ஆக்கிப் போடுகிறார்கள். ஆகவே அன்றைக்கு ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்ப்பேட்டை மூன்றிலும் ஒரு தேக்சாகூட சும்மா இல்லை. ஊருக்கெல்லாம் தேக்சா கொடுத்தவன் மகள் கல்யாணத்துக்கு இருந்தது ஒன்றே ஒன்று. அது கலைக்கூடத்தில் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வஹாப் கைவண்டியோடு மாளிகை வாசலில் போய் நின்றான். காவல்காரன் கோதண்டம் வெளியே வந்தான். கருவாட்டுக் கிடங்கு காலத்திலிருந்தே அந்தக் கேட்டுக்கு அவன்தான் காவல்.

"இன்னா பாய், வண்டியோட வந்துகீறே?"

"தேக்சாவ எடுத்துக்கினு போவ வந்தேன், கோதண்டம். நாளைக்கு என் பொண்ணுக்கு நிக்காஹ்."

கோதண்டம் தலையைச் சொறிந்தான். "அது இப்ப தேக்சாவா இல்ல நைனா. உள்ள போய் நீயே பாத்துக்கோ. நான் சொன்னா என் வாய்தான் கலீஜ் ஆவும்."

நடுக்கூடத்தில் ஒரு மேடை, மேடைமேல் சிவப்பு வெல்வெட்டு, வெல்வெட்டின்மேல் தேக்சா. நாலு பக்கமும் பட்டுக்கயிறு கட்டியிருந்தது. உள்ளே காகித ரோஜாக்கள் கிடந்தன. கீழே பலகை: 'துபாஷ் சிங்கண்ணாவின் இல்லத்து மாதரசி பன்னீராடிய செப்புக் கலம்.' வஹாபுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நாளைக்கு என்ன கிழமை என்று ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

கௌரவக் காப்பாளர் நீலமேகம் அவனை வரவேற்றார். கௌரவக் காப்பாளர் என்றால் சம்பளம் இல்லை என்று அர்த்தம். கார் உண்டு, பங்களா உண்டு, இரண்டு சேவகர்கள் உண்டு. சம்பளம் மட்டும் வாங்கமாட்டார், அது கௌரவக் குறைவு.

"ஐயா, என் தேக்சாவைக் கொடுத்தீங்கன்னா நான் போய்க்கினே இருப்பேன்" என்றான் வஹாப்.

"எந்தத் தேக்சா?"

"தோ, இதுதான். இதுல பிரியாணி ஆக்குவோம்."

நீலமேகம் கண்ணை மூடிப் புன்னகை செய்தார். "மக்கள் அப்படித்தான் சொல்வார்கள். மக்களுக்கு எதைக் கண்டாலும் சாப்பாட்டு நினைவு. இதைக் கண்டு மந்திரி அவர்கள் கண் கலங்கினார்கள், தெரியுமா? 'இது என்ன?' என்று கேட்டார்கள். எனக்கும் தெரியாது. ஆனால் மந்திரி கேட்டுப் பதில் தெரியாமல் நிற்பது ஒரு காப்பாளருக்கு அழகல்ல. பன்னீராடிய கலம் என்றேன். மறுநாள் பத்திரிகையில் அப்படியே வந்துவிட்டது. மந்திரி பார்த்து, பத்திரிகையிலும் வந்த பிறகு ஒரு பொருள் சரித்திரமாகிவிடுகிறது. சரித்திரத்தைக் கைவண்டியில் ஏற்றி அனுப்ப எனக்கு ஏது அதிகாரம்?"

"ஐயா, நாளைக்கு எண்ணூர்லேர்ந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க ரயில்ல வந்து எறங்குவாங்க. அவங்களுக்கு நான் இன்னாத்தப் போடுவேன்?"

"அது சமூகப் பிரச்சினை. வேறு இலாகா."

வஹாப் கயிற்றுக்கு அருகில் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் சண்டைக்காரன் அல்ல. ஆனால் மகள் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் எந்தத் தகப்பனுக்கும் ஒரு பிடிவாதம் வரும். "இது இல்லாம நான் வூட்டுக்குப் போவ மாட்டேன். ராவு பூரா இங்கியே குந்திக்கினு இருப்பேன்" என்றான்.

நீலமேகத்தின் முகம் விளக்குப் போட்டாற்போல் மலர்ந்தது.

"இரவு முழுவதும் இங்கேயா? நிஜமாகவா?"

விஷயம் இதுதான். கலைக்கூடத்துக்கு 'ஓரிரவு வாசத் திட்டம்' என்று ஒன்று இருந்தது. சரித்திர மாளிகையில் ஓர் இரவு தங்கிக் கலையோடு கலந்து வாழும் பாக்கியத்தை உலகத்துக்கு அளிப்பது. திட்டத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு சாப்பாட்டு மேஜை, மேஜைக்கு ஒரு விரிப்பு எல்லாம் வாங்கியாகிவிட்டது. பாரிசிலிருந்தும் ரோமிலிருந்தும் வருவார்கள் என்று காத்திருந்தார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்துகூட ஒருவன் வரவில்லை. திட்டம் எப்படி நடக்கிறது என்று மந்திரி ஆபீசிலிருந்து கேட்டுவிட்டார்கள். நீலமேகம் தூக்கமில்லாமல் இருந்தார். இப்போது தானாக ஒருவன் வந்து தரையில் உட்கார்ந்திருக்கிறான்.

"நீங்கள் எங்கள் முதல் விருந்தினர்" என்று அவர் வஹாபின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தங்குங்கள். காலையில் விருந்தினரின் வேண்டுகோள் எதுவானாலும் கூடம் பரிவுடன் பரிசீலிக்கும்."

பரிசீலிக்கும் என்ற வார்த்தைக்கு ஆபீசில் என்ன அர்த்தம் என்று கயிற்றுக் கடைக்காரனுக்கு எப்படித் தெரியும்? காலையில் கொடுத்துவிடுவார்கள் என்று அவன் எடுத்துக்கொண்டான். வாசலுக்கு ஓடிப் போய், கைவண்டி ஓட்டி வந்தவனிடம் சொல்லி அனுப்பினான். பண்டாரி ஜஹாங்கீர் அடுப்பு வெட்டட்டும், விடியற்காலையில் அரிசியை ஊறப் போடட்டும், தேக்சாவோடு தான் வந்து சேருகிறேன். பண்டாரி என்றால் கல்யாணச் சமையல்காரர். ஜஹாங்கீர் அரிசி ஊறும் நேரத்தைப் பார்த்துத்தான் மற்ற எல்லா நேரத்தையும் கணக்குப் பண்ணுகிற மனிதர்.

நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. முதலில் மாலை மரியாதை. வஹாபின் கழுத்தில் சரிகை மாலை விழுந்தது, ஒருவன் படம் பிடித்தான், மாலை உடனே கழற்றப்பட்டது. அது பதினெட்டாம் நூற்றாண்டு மாலையாம். அடுத்து சொற்பொழிவு. வஹாபைத் தேக்சாவின் முன்னால் நிறுத்தி, தேக்சாவைப் பற்றி அவனுக்கு எடுத்துச் சொன்னார் நீலமேகம்.

"விளிம்பைக் கவனியுங்கள். எவ்வளவு அகலம்! மாதரசியார் நீராடும்போது கையை ஊன்றிக்கொள்வதற்காக."

"மூடி போட்டு மாவு பூசி அடைக்கிறதுக்குங்க. அப்பதான் ஆவி வெளிய போவாது."

"இந்த வளையங்கள்? சேடியர் இருபுறமும் பிடித்துக்கொள்வதற்காக."

"கம்பு சொருகித் தூக்கறதுக்குங்க."

"அடியிலே இந்தக் கருமை பாருங்கள். இரவு வானத்தைக் குறிக்கும் வண்ணப்பூச்சு. இதைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன்."

அது கரி என்று வஹாப் சொல்லவில்லை. சொல்லி ஆகப்போவது என்ன? காலையில் பரிசீலிக்க வேண்டிய மனிதரைச் சாயங்காலத்தில் பகைத்துக்கொள்வானேன் என்று வாயை மூடிக்கொண்டான்.

பிறகு விருந்து. நீளமான மேஜை, வெள்ளித் தட்டுகள். தட்டில் மெழுகு மாம்பழம், மெழுகுத் திராட்சை, வர்ணம் பூசிய மரக்கோழி. மத்தியானத்திலிருந்து வயிறு காய்ந்திருந்த வஹாப் கையை நீட்டினான். சேவகன் கையைத் தட்டிவிட்டான்.

"பார்வையால் உண்ணுங்கள்" என்றார் நீலமேகம். "துபாஷ் உண்ட வகைகள் இவை. வயிற்றால் உண்பவன் மறுநாள் மறந்துவிடுகிறான். கண்ணால் உண்பவன் என்றும் மறப்பதில்லை." இதைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் கிளம்ப வேண்டும். வீட்டில் கோழிக் குழம்பு. ஆறிவிட்டால் எனக்குத் தொண்டையில் இறங்காது."

போகும் முன் படுக்கையைக் காட்டினார். துபாஷின் பள்ளியறை, நடுவில் அந்த நாடகக் கட்டில். அதைச் சுற்றியும் கயிறு. பக்கத்தில் தரையில் சாக்குக்கட்டியால் ஆள் நீளத்துக்கு ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். விருந்தினர் அந்தக் கட்டத்துக்குள் படுத்து, கட்டிலில் படுத்திருப்பதாக உணர வேண்டும். புரண்டு கோட்டைத் தாண்டக் கூடாது. குறட்டை விடக் கூடாது, மேலே சுண்ணாம்பு புதுசு. கழிவறை இருந்தது, ஆனால் அதில் 'ஆங்கிலேய நாகரிகத்தின் வருகை' என்று பலகை இருந்தது. வஹாப் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நீலமேகம் கேட்டைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போனார்.

கோதண்டம் தூக்குச் சட்டியைத் திறந்தான். சோறும் நெத்திலிக் குழம்பும் இருந்தன. இரண்டு பேரும் பின்பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

"துன்னு பாய். இது கண்ணால துன்ற சோறு இல்ல."

"உன் பங்கத் துன்னுட்டா நீ இன்னா பண்ணுவே?"

"எனுக்குப் பழக்கம்தான். அப்பல்லாம் கருவாடு துன்ன வர பூனைய வெரட்டிக்கினு இருந்தேன். இப்ப மன்சாள வெரட்டிக்கினு கீறேன். பூனைங்க தேவல நைனா. அதுங்க எதுக்கு வருதுன்னு தெரியும்." கோதண்டம் ஒரு கவளம் போட்டுக்கொண்டான். "காலைல குடுப்பாருன்னு நம்பிக்கினா இங்க குந்திகீறே?"

"பரிசீலிப்பேன்னாரே."

கோதண்டம் குழம்பை வழித்து வஹாபின் சோற்றில் ஊற்றினான். வஹாபுக்கு வீட்டு நினைவு வந்தது. சாபிரா கையில் இந்நேரம் மருதாணி இட்டிருப்பார்கள், வாசலில் வாழைமரம் கட்டியிருப்பார்கள். தகப்பன் எங்கே என்று யாராவது கேட்டால், அரண்மனையில் தங்கியிருக்கிறான் என்று சொல்வார்கள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாத கோபம் இருக்கிறதே, அதைப் போல மனிதனை அரிப்பது வேறில்லை.

விடிந்து வெகுநேரம் கழித்து நீலமேகம் வந்தார், குளித்து, விபூதி பூசி, நல்ல உற்சாகத்தில். வஹாப் தொழுகை முடித்துக் கேட்டருகிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"எப்படி இருந்தது அனுபவம்?"

"ரொம்ப சந்தோசங்க. தேக்சாவக் குடுத்துருங்க."

"கலையோடு கலந்தீர்களா?"

"கலந்துட்டேங்க. அரிசி ஊறிக்கினு கீதுங்க."

"நண்பரே, உங்கள் வேண்டுகோளைப் பரிவுடன் பரிசீலித்தேன். இரவெல்லாம் பரிசீலித்தேன். இயலாது."

நீலமேகம் வஹாபின் தோளில் கை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அவர் பேச்சில் கபடமே இல்லை, அதுதான் கொடுமை.

"உங்களிடம் இருந்தால் என்ன செய்வீர்கள்? அடுப்பில் ஏற்றுவீர்கள், சுரண்டுவீர்கள், தேய்ப்பீர்கள். பயன்படுத்தினால் அது பாத்திரம். பயன்படுத்தாமல் வைத்திருந்தால்தான் கலை. இந்த மாளிகையைப் பாருங்கள், கருவாடு வைத்திருந்தவரை யாராவது மதித்தார்களா? இப்போது ஒன்றுக்கும் உதவாது, எவ்வளவு மதிப்பு! என்னையே எடுத்துக்கொள்ளுங்களேன். இருபது வருஷமாக எத்தனையோ இலாகாவில் இருந்தேன். எதற்கும் யாரும் என்னைப் பயன்படுத்தியதில்லை. அதனால்தான் இந்தப் பதவிக்கு என்னைப் பொறுக்கி எடுத்தார்கள்."

"ஐயா, அது என்னுது இல்ல. ரசூல் பீவியம்மா குடுத்தது. விளிம்புல அவங்க பேரு வெட்டிகீது பாருங்க."

"பார்க்காமலா இருப்போம்? முந்தாநாளே ஆராய்ச்சிக் குழு கூடித் தீர்மானம் செய்துவிட்டது. ரசூல் பீவி என்பவர் துபாஷின் அந்தப்புரத்து நாயகி. கடலில் கப்பல் கவிழ்ந்து காலமானார். ஆகி நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. மந்திரி அவர்கள் கண்கலங்கியதும் அதற்காகவே என்று தீர்மானத்தில் இருக்கிறது."

இந்தச் சமயத்தில் வாசலில் ஒரே அமர்க்களம். பண்டாரி ஜஹாங்கீர், தேக்சா தூக்கும் கம்புகளுடன் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு, டிக்கெட் வாங்கி உள்ளே வந்துவிட்டார். அவர்களுக்கு முன்னால் வெற்றிலை மென்றபடி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் காலமான ரசூல் பீவி வந்தாள்.

"வஹாபு! வெறகு அடுக்கி எவ்ளோ நேரம் ஆவுது! மாப்பிள்ள வூட்டுக்காரங்க ரயில்ல ஏறிட்டாங்கோ. நீ இன்னா இங்க நின்னுகினு கீறே?"

"அக்கா, குடுக்கமாட்டேன்றாரு. நீங்க மவுத்தாயிட்டீங்களாம்."

ரசூல் பீவி நீலமேகத்தை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு சொன்னது?"

"குழு" என்றார் நீலமேகம். "அம்மா, உங்களுக்கும் அதே பெயர் இருக்கலாம். அது தற்செயல். ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம், என்னாலும் மாற்ற முடியாது. அடுத்த குழுக்கூட்டம் தீபாவளிக்குப் பிறகு. உயிரோடிருப்பதாக நீங்கள் ஒரு மனுக் கொடுத்தால் அப்போது எடுத்துக்கொள்வோம்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் பழைய தீர்மானம் அமலில் இருக்கும்."

"அப்படின்னா இன்னிக்கி நான் செத்தவ."

"ஏட்டளவில் அப்படித்தான். தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது."

ரசூல் பீவி தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. வெற்றிலைச் சாற்றை 'துப்பாதீர்' பலகைக்குப் பக்கத்திலிருந்த சன்னல் வழியாக வெளியே துப்பினாள். பட்டுக்கயிற்றைத் தூக்கிக் குனிந்து நுழைந்தாள். மேடையில் ஏறினாள். காகித ரோஜாக்களை வாரி வெளியே போட்டுவிட்டு, தேக்சாவுக்குள் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தலை மட்டும் விளிம்புக்கு மேலே தெரிந்தது.

"ஐயோ, இறங்குங்கள்!" என்று நீலமேகம் கத்தினார். அந்தக் கூடத்தில் முதல் முறையாக உரக்கப் பேசியவர் அவர்தான். "காட்சிப் பொருளுக்குள் உயிருள்ளவர் யாரும் இருக்கக் கூடாது!"

"நான் உயிரோட கீறேன்னு ஒத்துக்கோ. எறங்கிடறேன்."

நீலமேகம் மனதுக்குள் கணக்குப் போட்டார். உயிரோடிருக்கிறாள் என்று ஒத்துக்கொண்டால் பாத்திரம் அவளுடையது. அதோடு போகாது, மந்திரி ஒரு பிரியாணிப் பாத்திரத்தைப் பார்த்துக் கண்கலங்கினார் என்று ஊர் சிரிக்கும். செத்தவள் என்றால் செத்தவள்தான் உள்ளே இருக்கிறாள், அதைத் தடுக்கப் பலகை இல்லை. உயிருள்ளவர்கள் செய்யக் கூடியதைத்தான் எல்லாப் பலகைகளும் தடுத்தன.

"குழு கூடித்தான்..." என்றார் ஈனக் குரலில்.

"தீர்ந்துச்சு. ஜஹாங்கீரு, இன்னாடா வேடிக்க பாத்துகினு நிக்கறே? மய்யித்த ரொம்ப நேரம் வச்சிகினு இருக்கக் கூடாது. தூக்கு."

உயிரோடிருப்பவளைப் பிரேதம் என்று சொல்லித் தூக்க ஜஹாங்கீர் ஒரு கணம் தயங்கினார். அவர் பயபக்தியுள்ள மனிதர். ஆனால் வீட்டில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. 'அல்லாஹ் மன்னிக்கணும்' என்று முணுமுணுத்துவிட்டு வளையங்களில் கம்பைச் செருகினார். முன்னால் மூன்று பேர், பின்னால் வஹாபையும் சேர்த்து மூன்று பேர். கம்பு தோளில் ஏறியது. தேக்சா அசைந்து, வெல்வெட்டை விட்டு எழுந்தது.

நீலமேகம் முன்னால் பாய்ந்து வாசற்படியில் கையை விரித்து நின்றார். ஆறு பேர் தோள்கொடுத்துக் கொண்டுவருகிற ஒன்றின் எதிரில் நிற்பது எவ்வளவு சங்கடம் என்று அங்கே நின்றபிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கால்கள் தாமாகவே விலகிக்கொண்டன. விலகிய பிறகு, "கோதண்டம்! கேட்டை மூடு!" என்று கூவினார்.

கோதண்டம் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தான்.

"மூடுடா என்கிறேன்!"

"சாவு போவ சொல்ல கேட்ட மூடக் கூடாது சார். எங்க ஊர்ல அது மகா பாவம்" என்றான் கோதண்டம், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

வெளியே துறைமுகத்துக்கு நிலக்கரி லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தேக்சா தெருவில் இறங்கியதும் முன்னால் வந்த லாரி நின்றது. அதன் பின்னால் எல்லாம் நின்றன. ஒருவன் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நின்றான், பிறகு உள்ளே பிரேதம் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து வாய் பிளந்தான். கைவண்டி வேண்டாம் என்று ரசூல் பீவி சொல்லிவிட்டாள், அதில் ஏற்றி இறக்க நேரம் ஆகுமாம்.

வஹாபின் தோள் எரிந்தது. ராத்திரி முழுதும் தரையில் கிடந்த முதுகு விண்விண் என்று தெறித்தது. ஆனால் அந்தப் பாரம் அவனுக்கு இனித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளக் கை இல்லை. சாபிராவின் கல்யாணத்துக்குப் பந்தி உண்டு. அதற்குமேல் அவனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"வேகமா நடங்கடா. இன்னும் கொஞ்ச நேரம் போனா அரிசி கஞ்சிக்குத்தான் ஆவும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நீலமேகம் வேட்டியைத் தடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். தெருமுனையில் எட்டிப் பிடித்துவிட்டார். விளிம்பைத் தொட்டுக்கொண்டு கூடவே ஓடினார். அந்தப் பாத்திரத்தை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு மூச்சு இரைத்தது, குரல் உடைந்தது.

"அம்மா! மந்திரி வந்து பாத்திரம் எங்கே என்று கேட்டால் நான் என்ன சொல்லுவேன்?"

ரசூல் பீவி விளிம்புக்கு மேலே எட்டி அவரைப் பார்த்தாள். அவர் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார்.

"ஒரு மணிக்குப் பந்தி. அவரையும் கூட்டிக்கினு வா. இதுல ஆக்கினா எல்லாருக்கும் பத்தும்" என்றாள்.